ஸ்டெஃபான் ஐவரும் 'மோதல்' என்ற சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் கால் பக்க அளவில் வெளியான படத்தைக் கண்டு மகிழ்ந்த வாசகர்களில் நானும் ஒருவன். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்து, 2022 ஜூலை 12 அன்று வெளியிடப்பட்ட 'ஸ்டெஃபான் ஐவர்' என்னும் விண்மீன் திரள் குழுவின் படம் அது. அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு என் நன்றி. ஆனால் படத்தின் கீழே அச்சாகியிருந்த 'ஐந்து விண்மீன் திரள்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறும் காட்சி' என்ற வரியில் எண்ணும் பிழை, வினையும் பிழை. எண்ணை ஒரு வரித் திருத்தத்தில் சரிசெய்துவிடலாம். வினையைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. சிறு குழுக்களாக வாழும் விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று என்ன செய்துகொள்கின்றன என்பது குறித்து நம்மிடையே நிலவும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கருத்து.

எண்ணை முதலில் முடித்துக்கொள்கிறேன். 1877இல் பிரான்சின் மார்செய் வானாய்வகத்தில் எட்வார் ஸ்டெஃபான், பெகாசஸ் விண்மீன் மண்டலப் பகுதியில் நெருங்கிக் கிடந்த இந்த மங்கலான ஒளித்திட்டுகளைக் கண்டபோது, அவை பால்வெளிக்கு வெளியே உள்ள திரள்கள் என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1961இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ் தம்பதியர் நிறமாலைகளை அளந்து பார்த்ததில், மற்றவை நம்மைவிட்டு விநாடிக்கு ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் என்ற அளவில் விலகிச் செல்ல, ஐந்தில் ஒன்றான, வானியல் பட்டியலில் என்ஜிசி 7320 என்று எண்ணிடப்பட்ட திரள் மட்டும் விநாடிக்கு 800 கிலோமீட்டர் அளவிலேயே விலகுவது தெரிந்தது. விலகும் வேகம் தொலைவோடு கூடும் என்பதால், அது மற்றவற்றைவிட மிக அருகில் இருக்கிறது என்றே பொருள். வானியலாளர் ஹால்டன் ஆர்ப் போன்ற சிலர், வேகம் எப்படியிருந்தாலும் ஐந்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்று நெடுநாள் வாதிட்டார்கள். இன்று அந்த வாதத்துக்கு இடமில்லை. என்ஜிசி 7320 நம்மிடமிருந்து சுமார் 4 கோடி ஒளியாண்டுத் தொலைவிலும், மற்ற நான்கும் சுமார் 29 கோடி ஒளியாண்டுத் தொலைவிலும் இருக்கின்றன. தாங்கள் வெளியிட்ட அதே வெப் படத்தில் முன்னால் நிற்கும் இந்தத் திரளின் விண்மீன்கள் தனித்தனிப் புள்ளிகளாகவே பிரிந்து தெரிகின்றன. கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத வழிப்போக்கர் ஒருவர் குடும்பப் படத்தில் முன்வரிசையில் அகப்பட்டுக்கொண்டது போன்ற நிலைமை இது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் குழுவுக்கு உண்மையிலேயே ஓர் ஐந்தாம் உறுப்பினர் உண்டு. என்ஜிசி 7320சி என்ற அந்தச் சிறிய திரள் முன்பொரு காலத்தில் குழுவின் ஊடே புகுந்து வெளியேறியதாகக் கணிக்கப்படுகிறது. இப்போது தள்ளி நிற்பதால் பெரும்பாலான படங்களில் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. 1951இல் கார்ல் செய்ஃபர்ட் விவரித்த 'செய்ஃபர்ட் அறுவர்' கதையும் இதே தான்: ஆறில் ஒன்று பல மடங்கு பின்னால் இருப்பது, இன்னொன்று திரளே அல்ல, ஒரு திரளிலிருந்து பிய்ந்து நீண்ட விண்மீன் பட்டை. எஞ்சிய நான்கும் நம் பால்வெளியின் அகலத்துக்குள் அடங்கிவிடும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன.

இனி 'மோதி' என்ற சொல். சூரியனை ஒரு மில்லிமீட்டர் மணல் துகளாகச் சுருக்கினால், அதற்கு மிக அருகிலுள்ள அடுத்த விண்மீன் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 29 கிலோமீட்டருக்கு ஒரு மணல் துகள் என்று பரப்பப்பட்ட இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே வந்து ஒன்றன் ஊடே ஒன்று புகுந்தால் எத்தனை துகள்கள் முட்டிக்கொள்ளும்? ஒன்றுகூட முட்டிக்கொள்ளாமல் போகலாம். விண்மீன் திரள்களை எடுத்துக்கொண்டால் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. பால்வெளியை ஒரு சென்டிமீட்டர் பொத்தானாகச் சுருக்கினால், நமக்கு அருகிலுள்ள பெரிய திரளான ஆந்திரோமெடா ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கும். ஸ்டெஃபான் ஐவர் போன்ற இறுக்கமான குழுக்களில் அந்தச் சாண் தூரமும் இல்லை. பொத்தான்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடக்கின்றன. ஆகவே திரள்கள் சந்திப்பது சாதாரணம், விண்மீன்கள் சந்திப்பது மிகமிக அபூர்வம். தங்கள் தலைப்பு முன்னதைச் சொல்ல வந்து, படிப்பவர் மனத்தில் பின்னதைப் பதித்துவிட்டது.

அப்படியானால் படத்தில் தெரியும் வால்களும் வளைவுகளும் எங்கிருந்து வந்தன என்று கேட்பது நியாயம். கடலில் ஓதம் எப்படி எழுகிறதோ அப்படியே வந்தன. நிலவு பூமியின் அருகிலுள்ள பக்கத்தை நடுவைவிடச் சற்றுப் பலமாக இழுக்கிறது. மறுபக்கத்தைச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. இழுவையில் உள்ள அந்த வேறுபாட்டால் நீர் இரு புறமும் புடைக்கிறது. பூமி கெட்டியானது என்பதால் புடைப்பு அத்தோடு நின்றுவிடுகிறது. விண்மீன் திரள் கெட்டியான பொருள் அன்று. ஒவ்வொரு விண்மீனும் தன் பாதையில் தனியே சுற்றுவது. இன்னொரு திரள் அருகே வந்து கடக்கும்போது, வந்தவரை நோக்கியிருந்த பக்கத்து விண்மீன்கள் அதை நோக்கிப் பாலம்போல நீளுகின்றன. மறுபக்கத்து விண்மீன்கள் எதிர்த்திசையில் வாலாக விரிகின்றன. இழுத்தவர் கடந்து போன பிறகும் வால் வளர்ந்துகொண்டே இருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பட்ட இழுப்பின் விளைவை நாம் இன்று படம் பிடிக்கிறோம்.

இதைக் கண்டறிந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பத்தி நீண்டாலும் பொறுத்தருள வேண்டும். கணினி இல்லாத 1941ஆம் ஆண்டில், சுவீடனைச் சேர்ந்த எரிக் ஹோம்பெரி இரண்டு திரள்கள் நெருங்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட விரும்பினார். ஒரு திரளுக்கு 37 வீதம் 74 சிறு மின்விளக்குகளை ஒரு சமதளத்தில் வட்டங்களாக அடுக்கினார். ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஈர்ப்பும் அப்படியேதான் குறைகிறது. எனவே ஒரு விளக்கு இருக்கும் இடத்தில் ஒளிமின் கலத்தை வைத்து, எத்திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்தால், அந்த இடத்தில் ஈர்ப்பு எத்திசையில் எவ்வளவு என்பது தானே தெரிந்துவிடும். அளந்தபின் ஒவ்வொரு விளக்கையும் கணக்குப்படி சிறிது நகர்த்த வேண்டும். மீண்டும் அளக்க வேண்டும். மீண்டும் நகர்த்த வேண்டும். இப்படி விளக்கு விளக்காக நகர்த்தி, திரள்களின் உருவம் சந்திப்பால் குலைந்து வளைகரங்கள் நீள்வதையும், கடந்து போகும் திரள்கள் தம் வேகத்தை இழந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதையும் அவர் காட்டினார். மின்விளக்கை விண்மீனாக வைத்து ஈர்ப்பை ஒளியால் அளந்த இந்தச் சோதனையைவிட நேர்த்தியான ஒன்றை நான் படித்ததில்லை.

ஆயினும் அடுத்த முப்பது ஆண்டுகள் பலர் நம்பவில்லை. அவ்வளவு நீளமாகவும் மெலிதாகவும் உள்ள வால்களை ஈர்ப்பு மட்டும் உண்டாக்க முடியாது, காந்தப் புலம் போன்ற வேறொன்று இருக்க வேண்டும் என்றார்கள். மேலே சொன்ன ஹால்டன் ஆர்ப் 1966இல் வடிவம் திரிந்த திரள்களைத் தேடிப் பிடித்து 338 பதிவுகள் கொண்ட ஒரு படத்தொகுப்பை வெளியிட்டார். அவருடைய விளக்கங்கள் நிற்கவில்லை என்றாலும் அந்தத் தொகுப்பு நின்றது. 1972இல் ஆலர் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் கணினியில் சில நூறு புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, நெருங்கிய ஒரே கடப்பில் பாலமும் வாலும் அப்படியே உருவாவதைக் காட்டியதோடு வாதம் ஏறத்தாழ முடிந்தது. அவர்கள் சேர்த்துச் சொன்ன இன்னொரு செய்திதான் என் கடிதத்தின் மையம்: கடப்பு மெதுவாக இருந்தால்தான், அதுவும் திரள் சுழலும் திசையிலேயே வந்தவரும் சுற்றிக் கடந்தால்தான், நீண்ட வால்கள் விளையும்.

இங்கேதான் சிறு குழுக்கள் முக்கியமாகின்றன. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் திரள்கள் அடைந்து கிடக்கும் பெருங்கொத்துகளில்தான் இத்தகைய நிகழ்வுகள் மிகுதி என்று எண்ணத் தோன்றும். கூட்டம் அதிகமானால் இடிபாடும் அதிகம் என்பது நம் அன்றாட அனுபவம். ஆனால் பெருங்கொத்துகளில் திரள்கள் விநாடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் பறக்கின்றன. மூன்று முதல் பத்து வரை உறுப்பினர் கொண்ட சிறு குழுக்களில் அந்த வேகம் 200 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. எதிரெதிரே பாயும் இரண்டு ரயில்களில் இருப்பவர்கள் கைகுலுக்கிக்கொள்ள முடியாது. எதிரெதிரே நடந்து வருபவர்கள் தோளைப் பிடித்து நிறுத்திக்கொள்ள முடியும். கணக்காகவே சொல்வதானால், நெருங்கும் தூரம் ஒன்றாகவே இருக்க வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறையும்போது, உள்ளிருக்கும் விண்மீனுக்குக் கிடைக்கும் உந்தல் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது, அதன் ஆற்றல் இருபத்தைந்து மடங்காகிறது.

மேலும் ஒன்று. விநாடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் 1,00,000 ஒளியாண்டு தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள் ஆகும். நம் சூரியன் பால்வெளியின் மையத்தை ஒருமுறை சுற்றிவர ஆகும் காலம் இருபது கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். இரண்டு காலங்களும் ஒரே அளவில் இருப்பதால், விண்மீன் சுற்றிச் செல்லும் வழியிலேயே இழுப்பவரும் உடன் வந்துகொண்டிருக்கிறார். ஊஞ்சல் ஆடும் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் அது எப்படி உயர உயர எழுமோ அப்படி இழுப்பின் விளைவு சேர்ந்துகொண்டே போகிறது. பெருங்கொத்தில் மூன்று கோடி ஆண்டுகளில் எல்லாம் முடிந்து வந்தவர் போய்விடுவார். (பெருங்கொத்துகளில் திரள்கள் பாதிப்பில்லாமல் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. அங்கே நிரம்பியிருக்கும் வெப்ப வாயுவை எதிர்த்து விரைவதால் திரள்கள் தம் வாயுவை இழப்பது வேறு வகை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

நெருங்கிக் கடந்தவர் ஏன் போய்விடாமல் திரும்பி வந்து இணைகிறார் என்பதற்கான விளக்கத்தின் வேர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. எண்ணற்ற விண்மீன்களின் ஊடே ஒரு கனமான பொருள் நகரும்போது, அதன் ஈர்ப்பால் கவரப்பட்ட விண்மீன்கள் அதற்குப் பின்னால் சற்றுச் செறிந்து ஒரு தடமாக அமைகின்றன. அந்தச் செறிவு அதைப் பின்னோக்கி இழுத்து வேகத்தைத் தணிக்கிறது. எதுவும் எதையும் தொடாமலே ஏற்படும் இந்த உராய்வுக்கு இயக்க உராய்வு என்று பெயர். அவர் கணக்கிட்டது விண்மீன் கூட்டங்களில் செல்லும் விண்மீன்களுக்காக. பின்னாளில் அதே கணக்கு திரள்களுக்கும் பொருந்தியது. ஒவ்வொரு திரளையும் சூழ்ந்திருக்கும் கரும்பொருள் (ஒளிராமல், ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் பொருள்) 'ஒளிவட்டம்' எனப்படும் உறையாக, கண்ணுக்குத் தெரியும் வட்டுக்கு வெகு வெளியே வரை பரந்திருப்பதால், வட்டுகள் தொடுவதற்கு நெடுங்காலம் முன்பே ஒளிவட்டங்கள் ஒன்றில் ஒன்று புகுந்து உராயத் தொடங்கிவிடுகின்றன. இழந்த வேகம் ஒளிவட்டத்துப் பொருளுக்குப் போய்ச் சேருகிறது. திரள்கள் சுருள்பாதையில் உள்நோக்கி இறங்குகின்றன.

இந்த உராய்வைக் கணக்கில் எடுத்தால் இறுக்கமான சிறு குழுக்கள் சில நூறு கோடி ஆண்டுகளுக்குள் ஒரே திரளாக உருகிப்போயிருக்க வேண்டும். பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகள். பிறகு ஏன் இத்தனை குழுக்களை இன்றும் பார்க்கிறோம்? 1982இல் பால் ஹிக்சன் வானப் புகைப்படத் தகடுகளைத் துழாவி, நான்கோ அதற்கு மேலோ திரள்கள் நெருங்கி, சுற்றுப்புறத்தில் வேறு துணையின்றி நிற்கும் 100 குழுக்களைப் பட்டியலிட்டபோது இந்தக் கேள்வி கூர்மையடைந்தது. எல்லாமே தற்செயலாக ஒரே பார்வைக்கோட்டில் நிற்பவை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. வேகங்களை அளந்ததில் 92 குழுக்களில் குறைந்தது மூன்று உறுப்பினர்களாவது உண்மையில் ஒன்றாகச் செல்பவை என்று தெரிந்தது. கரும்பொருளின் பெரும்பகுதி தனித்தனித் திரள்களைச் சுற்றி இல்லாமல் குழு முழுவதற்கும் பொதுவாகப் பரவியிருந்தால் இணைவு தாமதப்படும் என்பது ஒரு விடை. இணைந்து குறைபவர்களின் இடத்துக்கு வெளியிலிருந்து புதியவர்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. ஸ்டெஃபான் ஐவரில் நம் கண்முன் நடப்பது இரண்டாவது என்பதால் நான் அதன் பக்கம் சாய்கிறேன்.

வாயுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை பாதிக்கதையே. என்னிடம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. பெருங்கரடி மண்டலத்தில் எம்81, எம்82 என்ற இரண்டு திரள்களைக் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரே பார்வையில் வைத்துவிடலாம்: ஒன்று நடுவில் மட்டும் ஒளிரும் நீள்வட்டப் பூச்சு, அதற்குச் சற்றுத் தள்ளி, சுருட்டு வடிவில் ஒரு கீற்று. 1774இல் யோஹான் போடே கண்டதும் ஏறத்தாழ இவ்வளவுதான். இரண்டுக்கும் இடையே கும்மிருட்டு. எத்தனை இரவு உற்றுப் பார்த்தாலும், அவை ஒன்றையொன்று அறியாத இரண்டு அயலார் என்றே தோன்றும். 1994இல் மிகப் பெரிய ரேடியோ தொலைநோக்கி வரிசை ஒன்றின் மூலம், ஹைட்ரஜன் அணு வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலையில் அதே இடத்தை வரைபடமாக்கினார்கள். நான் பார்த்த இருட்டு முழுவதும் வாயு ஆறுகளாக இருந்தது. எம்81இலிருந்து எம்82க்கும், இன்னொரு புறம் என்ஜிசி 3077 என்ற சிறிய திரளுக்கும் நீண்டு வளைந்த ஓடைகள் மூன்றையும் ஒரே உடலாகக் கட்டியிருந்தன. ஒளியில் மூன்று, ரேடியோவில் ஒன்று. இந்தக் குழு நம்மிடமிருந்து வெறும் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில், ஏறத்தாழ நம் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எம்82 கீற்றாகத் தெரிவதோடு அதன் கதை முடியவில்லை. பெரிய அண்டைத் திரளான எம்81 சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அருகே கடந்தபோது கொடுத்த இழுப்பு, எம்82இன் வாயுவைச் சுழற்சி இழக்கச் செய்தது. சுழற்சியே வாயுவை மையத்தில் விழாமல் தாங்கிக்கொண்டிருப்பது. அது குறைந்தால் வாயு உள்ளே இறங்கிக் குவிவதைத் தவிர வேறு வழியில்லை. குவிந்த இடத்தில் விண்மீன்கள் பெருவாரியாகப் பிறக்கின்றன. பால்வெளி முழுவதிலும் பிறப்பதைப் போல் பத்து மடங்கு வேகம் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் கனமானவை விரைவில் வெடித்து மடிய, அந்த வெப்பத்தால் ஊதப்பட்ட வாயு திரளின் தட்டுக்கு மேலும் கீழும் பல்லாயிரம் ஒளியாண்டு உயரத்துக்குப் பீறிட்டு எழுகிறது. ஒரு திரள் இன்னொன்றைத் தொடாமல் கடந்து போனதன் விளைவு இவ்வளவும். தன் சேமிப்பை எல்லாம் ஒரேயடியாகச் செலவழிக்கும் இந்தக் காலம் நெடுநாள் நீடிக்காது. ஹிக்சன் பட்டியலிலுள்ள குழுக்களில் பலவற்றின் சுருள் திரள்கள், அவற்றின் அளவுக்கு இருக்க வேண்டிய ஹைட்ரஜனைவிடக் கணிசமாகக் குறைவாகவே வைத்திருக்கின்றன.

நியாயத்துக்காக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விண்மீன்கள் மோதாவிட்டாலும் வாயு மோதும். அது துகள் துகளாக விலகிச் செல்ல இயலாதது. தங்கள் படத்திலேயே 'மோதல்' என்ற சொல் பொருந்தும் இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. என்ஜிசி 7318பி என்ற திரள் மற்றவற்றோடு ஒப்பிட விநாடிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் குழுவுக்குள் பாய்ந்துகொண்டிருக்கிறது. சிறு குழுக்களில் மிக அரிதான வேகம் இது. முன்பு வந்துபோனவர்களால் திரள்களிலிருந்து உருவப்பட்டு வெளியே கிடந்த வாயுவில் அது போய் இடித்ததில் எழுந்த அதிர்ச்சி அலை, நம் பால்வெளியைவிட நீளமான ஒரு முகப்பாக எக்ஸ் கதிரிலும் ரேடியோவிலும் தெரிகிறது. அங்கே வாயு பல லட்சம் பாகை வெப்பத்துக்கு ஏறுகிறது. அந்த அமளியில் மூலக்கூறுகள் தாக்குப்பிடிக்காது என்றுதான் எவரும் எண்ணுவார்கள்; ஆனால் 2006இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அதே முகப்பில் மூலக்கூறு ஹைட்ரஜனின் பலமான ஒளிர்வைக் கண்டது. தங்கள் தலைப்பைப் படித்த என் பேத்தி, "அஞ்சு பேர் முட்டிக்கிட்டா சத்தம் வராதா, தாத்தா?" என்று கேட்டாள். வெற்றிடத்தில் ஒலி ஏது என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அங்கே முழு வெற்றிடம் இல்லை, வாயு இருக்கிறது, வாயுவில் ஒலிக்கு ஒரு வேகம் உண்டு, அந்த வேகத்தை மீறி விரையும் பொருளுக்கு முன்னால் எழுவதுதான் அதிர்ச்சி அலை. நம் தலைக்கு மேலே ஒலியை முந்திச் செல்லும் விமானம் எழுப்பும் 'டமார்' ஒலிக்கு அது உறவு முறைதான். கேட்பதற்கு ஒரு காது இல்லை, அவ்வளவே.

நாமும் இப்படியொரு சிறு குழுவில்தான் குடியிருக்கிறோம் என்பதைப் படத்துடன் வந்த தங்கள் கட்டுரை குறிப்பிட்டது சரி. ஆனால் ஆந்திரோமெடா 'நிச்சயம் வந்து மோதும்' என்று எழுதியது இப்போது செல்லாது. அது விநாடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது, இப்போதுள்ள தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு என்பவை உறுதியானவை. 2012இல் ஹப்பிள் தொலைநோக்கி அளவீடுகளைக் கொண்டு, சுமார் 400 கோடி ஆண்டுகளில் நேருக்கு நேர் சந்திப்பு என்று அறிவிக்கப்பட்டதும் உண்மை. எனினும் 2025இல் வெளியான ஒரு கணிப்பு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுக்குள் இணைவு நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான் என்கிறது. காரணம் குழுவின் மற்ற உறுப்பினர்கள்: எம்33 திரளின் இழுப்பைச் சேர்த்தால் இணையும் வாய்ப்பு கூடுகிறது, பெரிய மெகல்லன் மேகத்தின் இழுப்பைச் சேர்த்தால் குறைகிறது. இருவர் விவகாரமாகத் தோன்றுவதை மூன்றாமவரும் நான்காமவரும் திசைதிருப்புவதுதான் சிறு குழு வாழ்க்கை.

இதற்கிடையே நடந்துகொண்டிருப்பதை யாரும் தலைப்பாக்குவதில்லை. பெரிய, சிறிய மெகல்லன் மேகங்கள் இரண்டும் தமக்குள் இழுத்துக்கொண்டதில் உருவான வாயுப் பாலம் அவற்றுக்கு இடையே இருக்கிறது. அவற்றின் பின்னால் மெகல்லன் ஓடை வானில் 100 பாகைக்கும் மேலாக நீண்டு கிடப்பது 1974இல் ரேடியோவில் அறியப்பட்டது. 1994இல் கண்டறியப்பட்ட சஜிட்டேரியஸ் குறுந்திரளைப் பால்வெளி உருவி எடுத்த விண்மீன்கள் நாடாவாக நம்மையே சுற்றிக் கிடக்கின்றன. ஆந்திரோமெடாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வேலை ஏற்கெனவே நடக்கிறது.

எல்லாம் ஒன்றிய பின் எஞ்சுவது என்ன என்பதற்கும் சான்று கிடைத்திருக்கிறது. 1994இல் எக்ஸ் கதிரில், ஒரு முழுக் குழுவைச் சூழ்ந்திருக்கத்தக்க அளவுக்குப் பரந்த வெப்ப வாயு மேகம் ஒன்று காணப்பட்டது. ஆனால் அதற்குள் இருந்ததோ தன்னந்தனியாக ஒரே ஒரு பெரும் நீள்வட்டத் திரள். புதைபடிவக் குழு என்று அதற்குப் பெயரிட்டார்கள். வாலும் இல்லை, பாலமும் இல்லை. உறுப்பினர்கள் கரைந்துவிட்டார்கள், அவர்களது வீடு மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

சொல்லுக்கு வருகிறேன். பாடநூல்களில் 'இடைவினை' என்றும், கணினித் துறையினரிடையே 'ஊடாட்டம்' என்றும் வழங்குகிறது. திரள்களுக்கு இரண்டாவதே பொருத்தம் என்பேன். ஒன்றன் ஊடே மற்றொன்று புகுந்து ஆடுவதும், அந்த ஆட்டத்தில் உருமாறுவதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஊடலும் கூடலும் அறிந்த மொழியில் அதன் எதிரொலி வேறு தானாக வந்து சேருகிறது. அதை நான் வலியுறுத்தப் போவதில்லை. செய்தித்தாளின் தலைப்புக்கு அது கனமாகத் தோன்றினால் 'நெருங்கிக் கடக்கும்' என்றே எளிமையாக எழுதலாம். 'இணையும்' என்ற சொல்லை உண்மையில் ஒன்றாகிக்கொண்டிருப்பவற்றுக்கும், 'மோதும்' என்பதை வாயுவுக்கும் ஒதுக்கிவிடலாம். கட்டுரையின் ஓரிடத்தில் விண்மீன் திரளை 'அண்டம்' என்று குறித்திருந்தீர்கள். பிரபஞ்சம் முழுவதையும் அதே சொல்லால் குறிக்கும் வழக்கம் இருப்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது.

இடமிருந்தால், எம்81 குழுவின் ஒளிப்படத்தையும் 21 சென்டிமீட்டர் ரேடியோ வரைபடத்தையும் ஒரே அளவில் அருகருகே ஒருமுறை அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டுமே பொதுவெளியில் கிடைப்பவை. தங்கள் படத்தைப் பேத்தி வெட்டியெடுத்துத் தன் குறிப்பேட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். 'ஐந்து' என்பதைப் பென்சிலால் அடித்து 'நான்கு' என்று எழுதி, என்ஜிசி 7320சி இருக்க வேண்டிய இடம் என்று தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். 'மோதி' என்பதை மட்டும் அடிக்காமல் விட்டு, அதிலிருந்து ஓர் அம்புக்குறியை என்ஜிசி 7318பிக்கு இழுத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்